சலமன்கா தரும் படிப்பினை: ஸ்பானிய மொழியும் அரபெழுத்தும் நாமும்

ஸ்பெயின் நாட்டின் மேற்குப் பகுதியில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் அமைந்துள்ள சலமன்கா, ஐரோப்பாவின் தொன்மையான பல்கலைக்கழக நகரங்களுள் ஒன்றாகும். லெயோன் நாட்டு மன்னர் ஒன்பதாம் அல்ஃபோன்ஸோ 1218ஆம் ஆண்டு அங்கு நிறுவிய கல்விக்கூடம் 2018இல் தனது எண்ணூறாவது ஆண்டை நிறைவு செய்தது. நகரின் பழைய பகுதியை யுனெஸ்கோ 1988இல் உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. அயல்நாட்டு மாணவர்களுக்கு ஸ்பானிய மொழி கற்பிக்கும் வகுப்புகளை இப்பல்கலைக்கழகம் 1929 முதல் நடத்தி வருகிறது. ஏறத்தாழ ஐம்பது கோடி மக்களின் தாய்மொழியான ஸ்பானியத்தைக் கற்க விரும்பி உலகின் பல திசைகளிலிருந்தும் இளைஞர்கள் அந்நகருக்கு வருகின்றனர்.

அவ்வாறு வரும் மாணவர் முதல் வாரத்திலேயே பேசத் தொடங்கும் சொற்களுள் பல அரபிச் சொற்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதன் மறுபக்கத்தை நம்மூரில் காணலாம். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் உள்ள பள்ளிகொண்டாவிலிருந்து நோக்கினால், கிழக்கே வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) அவர்கள் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும், மேற்கே ஆம்பூரை அடுத்து 1924இல் காக்கா முஹம்மது உமர் அவர்கள் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் நம் வட்டாரத்தின் இரு கலங்கரை விளக்கங்களாகத் திகழ்கின்றன. இத்தகைய அரபிக் கல்லூரிகளில் இலக்கணம் பயில்வோர் மனனம் செய்யும் ‘அல்ஃபிய்யா’வின் ஆசிரியர் இப்னு மாலிக் (ரஹ்) இன்றைய ஸ்பெயினிலுள்ள ஜய்யான் நகரில் பிறந்தவர். சலமன்காவில் பல்கலைக்கழகம் தோன்றியபோது அவருக்கு வயது ஏறத்தாழ பதினைந்து. கிராஅத் கலை பயில்வோர் ஓதும் ‘ஷாத்திபிய்யா’வை யாத்த இமாம் ஷாத்திபி (ரஹ்) அந்நாட்டின் ஷாத்திபா நகரத்தவர். தஃப்ஸீர் உலகில் தனியிடம் பெற்ற இமாம் குர்துபி (ரஹ்) குர்துபா நகரத்தவர். ஊர்ப்பெயரே நூலாசிரியரின் பெயராகிவிட்டமையால், அவ்வூர் எங்குள்ளது என்று வினவும் வழக்கம் நம் மாணவரிடம் அருகிவிட்டது.

சலமன்காவில் பயில்பவர் தம் நாவிலுள்ள அரபியை அறியார். வேலூரில் பயில்பவர் தம் கையிலுள்ள நூல் பிறந்த ஸ்பெயினை அறியார். இவ்விரு அறியாமைகளுக்கும் இடையே ஒரு நீண்ட வரலாறு புதைந்து கிடக்கிறது. அதை நினைவுகூர்வது, தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இழந்துகொண்டிருக்கும் ஒரு செல்வத்தைப் பற்றிச் சிந்திக்கவும் உதவும்.

சொற்களில் எஞ்சிய வரலாறு

ஸ்பானிய மொழியில் அரபி மூலமுடைய சொற்கள், இடப்பெயர்களையும் சேர்த்துச் சுமார் 4000 எனக் கணக்கிடுவர். அவற்றுள் பெயர்ச்சொற்கள் பல ‘அல்’ என்னும் அரபி அடைமொழியுடனேயே அம்மொழிக்குள் நுழைந்துவிட்டன. பருத்திக்கு ‘அல்கொதோன்’ என்பது அல்குத்ன். பண்டகசாலைக்கு ‘அல்மாசென்’ என்பது அல்மக்ஸன். நகரத் தலைவருக்கு ‘அல்கால்தே’ என்பது அல்காளி.

நம் மாணவர்கள் தொடக்க வகுப்பில் ஷம்ஸிய்யா எழுத்துகள், கமரிய்யா எழுத்துகள் எனப் பிரித்துப் பயில்கின்றனர். ஷம்ஸிய்யா எழுத்துக்கு முன் வரும் ‘அல்’லின் லாம் ஒலிக்காமல் மறைந்துவிடும். ஸ்பானியச் சொற்கள் பல இவ்விதியைக் காத்து நிற்கின்றன. சர்க்கரைக்கு ‘அஸூகார்’ (அஸ்ஸுக்கர்), எண்ணெய்க்கு ‘அசெய்தே’ (அஸ்ஸைத்), அரிசிக்கு ‘அர்ரோஸ்’ (அர்ருஸ்), சுங்கச்சாவடிக்கு ‘அதுவானா’ (அத்தீவான்) என்றே அம்மொழியினர் வழங்குகின்றனர். எழுத்தைப் பார்த்துக் கடன் பெற்றிருந்தால் லாம் எஞ்சியிருக்கும். அது மறைந்திருப்பதிலிருந்து, இச்சொற்கள் ஏட்டின் வழியாக அல்லாமல் சந்தையிலும் வயலிலும் அடுக்களையிலும் காதால் கேட்டுப் பெறப்பட்டவை என்பது தெளிவாகிறது. இரு சமயத்தாரும் பல தலைமுறைகள் அண்டை வீட்டாராய் வாழ்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நஹ்வு நூல்களில் நம் மாணவர்களைத் திணறச் செய்யும் ‘ஹத்தா’ என்னும் இடைச்சொல், ‘வரை’ என்னும் அதே பொருளில் ‘அஸ்தா’ என ஸ்பானியத்தில் நாள்தோறும் ஒலிக்கிறது. பெயர் குறிப்பிடாமல் ‘இன்னார்’ என்று சொல்வதற்கு ‘ஃபுலானோ’ என்பர். அது அரபியின் ‘ஃபுலான்’. ஏதேனும் நடக்கவேண்டும் என விரும்பும்போது அவர்கள் சொல்லும் ‘ஓஹலா’ என்பது ‘அல்லாஹ் நாடினால்’ என்னும் பொருளுடைய தொடரின் திரிபேயாகும். இறந்தவரின் மரண சாசனத்தை நிறைவேற்றுபவருக்கு வழங்கும் ‘அல்பசேயா’ என்னும் சொல்லில் ‘வஸிய்யத்’ உறைந்திருக்கிறது.

தோல் தொழிலால் வாழும் நம் வட்டாரத்தவர்க்கு இன்னும் இரு சொற்கள் சுவை தரும். பதனிட்ட ஆட்டுத்தோலில் உயர்ந்த வகைக்குக் ‘கோர்தொபான்’ என்று பெயர். குர்துபா நகரின் தோல் வேலைப்பாடு இடைக்கால ஐரோப்பா முழுதும் பெற்றிருந்த மதிப்பே அப்பெயருக்குக் காரணம். செம்மறித் தோலுக்கு வழங்கும் ‘பதானா’ என்பது, உள்துணி என்னும் பொருளுடைய ‘பித்தானா’ என்ற அரபிச் சொல்.

இதே அரபிச் சொற்கள் வேறொரு பாதையில், பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியாகத் தமிழுக்கும் வந்தன. ஸ்பெயினில் சுங்கச்சாவடியான தீவான், நம்மிடையே அமைச்சரைக் குறிக்கும் ‘திவான்’ ஆயிற்று. அங்கே மக்ஸன் பண்டகசாலை ஆனது. அதே வேரிலிருந்து பிறந்த கிஸானா இங்கே ‘கஜானா’ ஆனது. வசூல், வக்கீல், வாரிசு, பதில், ரத்து, தகராறு முதலியன தமிழில் அனைவரும் ஆளும் சொற்களாகிவிட்டன. ஒரே மரத்தின் விதைகள் இரு கரைகளிலும் முளைத்தன.

இருக்கை இருந்தது, ஆசிரியர் இல்லை

1311, 1312 ஆகிய ஆண்டுகளில் வியன் நகரில் கூடிய கிறித்தவத் திருச்சபைப் பேரவை, பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, பொலோன்யா, சலமன்கா ஆகிய பல்கலைக்கழகங்களில் ஹீப்ரு, அரபி முதலிய மொழிகளைக் கற்பிக்க வேண்டுமென ஆணையிட்டது. முஸ்லிம்களிடையே சமயப் பரப்புரை செய்வதே அதன் நோக்கம். ஐரோப்பாவில் அரபி ஆசிரியரை எளிதில் பெறத்தக்க நாடு ஸ்பெயின் எனலாம். ஆயினும் ஆணையின் விளைவு மிகச் சிறிதாகவே இருந்தது.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1530களின் தொடக்கத்தில், இன்றைய பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த நிக்கோலாஸ் கிளெனார்டஸ் என்னும் அறிஞர் அரபி கற்கும் வேட்கையுடன் சலமன்காவுக்கு வந்தார். அங்கே கிரேக்கப் பேராசிரியர் எர்னான் நூன்யெஸ் தாம் அறிந்திருந்த அடிப்படை அரபியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு மேல் கற்க வழியின்றி, கிளெனார்டஸ் பின்னாளில் கிரனாடாவுக்குச் சென்று அடிமையாயிருந்த ஒரு முஸ்லிமிடம் பயின்றார். பின்னர் மொரோக்கோவின் ஃபாஸ் நகருக்கும் சென்றார். சமய விசாரணை மன்றத்தார் பறிமுதல் செய்து எரிக்கும் அரபி நூல்களை எரிக்காமல் தமக்குத் தருமாறு அவர் மன்றாடினார். அவ்வேண்டுகோள் பயன் தரவில்லை. 1542இல் அவர் கிரனாடாவில் இறந்தார்.

ஆணையால் ஓர் இருக்கையை ஏற்படுத்தலாம். வீட்டிலும் தெருவிலும் கற்போரும் கற்பிப்போரும் இல்லையேல் அவ்விருக்கை வெறும் மரப்பலகையே.

செகோவியாவின் ஃபகீஹ்

சலமன்காவில் இறையியல் கற்பித்த செகோவியா நகரத்து ஹுவான் என்னும் கிறித்தவ அறிஞர், 1453இல் கான்ஸ்டாண்டினோபிள் உஸ்மானியர் வசமானபோது, போரினால் பயனில்லை, உரையாடலே வழி என வாதிட்டவர். அதற்குத் திருக்குர்ஆனைச் சரிவர அறியவேண்டும் எனக் கருதி, தம் ஊரைச் சேர்ந்த முஸ்லிம் ஃபகீஹ் ஈசா பின் ஜாபிர் அவர்களைத் தாம் தங்கியிருந்த சவோய் நாட்டுக்கு அழைத்தார். 1455ஆம் ஆண்டு இறுதியில் அங்குச் சென்ற ஈசா சில மாதங்கள் உழைத்துத் திருக்குர்ஆனைக் காஸ்தீலிய மொழியில், அதாவது இன்று நாம் ஸ்பானியம் என்றழைக்கும் மொழியில், பெயர்த்துக் கொடுத்தார். ஹுவான் அதனை இலத்தீனில் ஆக்கி, மும்மொழி ஏடாக அமைத்தார். அந்த ஏடு இன்று கிடைக்கவில்லை. அதன் முன்னுரை எஞ்சியுள்ளது.

ஊர் திரும்பிய ஈசா 1462இல் இஸ்லாமியச் சட்டங்களின் சுருக்கம் ஒன்றை எழுதினார். அதையும் காஸ்தீலிய மொழியிலேயே எழுதினார். காஸ்தீல் நாட்டு முஸ்லிம்கள் அரபிக் கல்விக்கூடங்களையும் பொருள்வளத்தையும் இழந்து அரபியையும் மறந்துவிட்டனர் என்பதே அவர் கூறிய காரணம்.

இவ்வாண்டைக் கூர்ந்து நோக்கவேண்டும். கிரனாடா வீழ்ந்தது 1492 ஜனவரியில் (ஹிஜ்ரி 897). காஸ்தீல் முஸ்லிம்களைக் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாக்கியது 1502இல். அரபியைப் பேசவும் எழுதவும் கூடாதென இரண்டாம் ஃபிலிப் மன்னர் கிரனாடா மக்களுக்கு விதித்த ஆணை பறைசாற்றப்பட்டது 1567 ஜனவரியில். இவை எல்லாவற்றுக்கும் முன்பே, எவரும் தடை செய்யாத காலத்திலேயே, காஸ்தீல் முஸ்லிம்களின் நாவிலிருந்து அரபி அகன்றுவிட்டது. கிரனாடாவிலும் வலென்சியாவிலும் அது நிலைத்திருந்தது உண்மை. காஸ்தீலிலோ தடை செய்வதற்குப் பேசப்படும் அரபியே எஞ்சியிருக்கவில்லை.

அஜமிய்யா: அரபெழுத்தில் ஸ்பானியம்

மொழி போயினும் எழுத்து போகவில்லை. காஸ்தீல், அராகோன் பகுதிகளின் முஸ்லிம்கள் தாங்கள் பேசிய ஸ்பானியத்தை அரபெழுத்தில் எழுதினர். அரபியல்லாத மொழி என்னும் பொருளில் ‘அல்அஜமிய்யா’ எனப்பட்டது, ‘அல்ஹமியா’ எனத் திரிந்தது. 1492 ஆகஸ்டில் சலமன்காவில் அந்தோனியோ தெ நெப்ரிஹாவின் ஸ்பானிய இலக்கணம் அச்சேறியது. மொழியும் பேரரசும் இணைந்தே வளரும் என்னும் கருத்தை முன்வைத்து இஸபெல்லா அரசிக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல் அது. அவ்விலக்கணம் வகுத்த அதே மொழியைத்தான் முஸ்லிம்கள் வலமிருந்து இடமாக எழுதினர்.

அரபியில் இல்லாத ஒலிகளுக்கு அவர்கள் கண்ட வழி எளியது. ‘ப’ என்னும் வல்லொலிக்குப் ‘பா’ எழுத்தின் மேல் ஷத்து இட்டனர். ‘ச்ச’ என்பதற்கு ஜீமின் மேல் ஷத்து; ‘ஞ’ என்பதற்கு நூனின் மேல் ஷத்து. ‘எ’ என்னும் உயிருக்கு ஃபத்ஹாவுடன் அலிஃப் சேர்த்தனர். துஆக்கள், நபிமார் வரலாறுகள், தொழுகை முறை, மருத்துவம், பயணக் குறிப்புகள் எனப் பலவும் இவ்வெழுத்தில் இயற்றப்பட்டன.

1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். நூல்களுடன் பிடிபட்டால் தண்டனை என்பதால் சுவர்களுக்குள்ளும் தளங்களுக்கு அடியிலும் அவற்றை ஒளித்துச் சென்றனர். 1884இல் ஸரகோஸா மாநிலத்தின் அல்மோனஸித் தெ லா சியெர்ரா என்னும் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, இரட்டைத் தளத்தின் நடுவே கையெழுத்துப் பிரதிகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றின் மதிப்பறியாத சிறுவர்கள் ஏடுகள் சிலவற்றைத் தீமூட்டி விளையாடினர். எஞ்சியவற்றைப் பேராசிரியர் பாப்லோ ஹில் முதலியோர் காத்தனர். ரிபெரா, அஸீன் பலாஸியோஸ் ஆகிய அறிஞர்கள் பதிப்பித்த அவற்றின் அட்டவணை 1912இல் வெளியாயிற்று.

அரபியாகப் படித்தால் பொருள் தராத, ஸ்பானியமாகப் படிக்க ஸ்பானியர் கண்ணுக்குப் பழக்கமில்லாத நூல்கள் அவை. இரண்டையும் அறிந்தவர் படித்தபோதுதான் அவை வாய்திறந்து பேசின.

அரபுத் தமிழின் நிலை

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழ் முஸ்லிமுக்கு அரபுத் தமிழ் நினைவுக்கு வராமல் இராது. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைக் கரையோர ஊர்கள் ஆகியவற்றில் நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதினர். தமிழுக்குரிய ஒலிகளுக்கென அரபெழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளை உருவாக்கினர். ஸ்பெயின் முஸ்லிம்கள் எதிர்கொண்ட அதே இடர்ப்பாட்டை, அவர்களை அறியாமலே, நம்மவர் தம் வழியில் தீர்த்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் (1816–1898) ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற ஃபிக்ஹு நூல்கள் இவ்வெழுத்திலேயே இல்லந்தோறும் சென்றன. குர்ஆன் ஓதக் கற்ற பெண்மணி, வேறு பள்ளிக்குச் செல்லாமலே, அதே எழுத்தறிவைக் கொண்டு தம் மார்க்கச் சட்டத்தைத் தாய்மொழியில் படித்தறிந்தார். தைக்கா ஷுஐப் ஆலிம் அவர்கள் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூல் இத்துறையின் பரப்பை உலகுக்கு அறிவித்தது.

நம் தோல் வட்டாரத்தின் நிலை சற்று வேறுபட்டது. இங்கே அரபிக் கல்லூரிகளின் பயிற்றுமொழியாக நெடுங்காலம் உருது விளங்கிற்று. தமிழ் பேசிய வணிகக் குடும்பங்களுள் பலவும் வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களில் உருதுவைக் கல்விக்கும் பண்பாட்டுக்கும் உரிய மொழியாக ஏற்றன. ஆகவே வேலூருக்குப் பயில வந்த தென்மாவட்ட மாணவர் அரபியையும் உருதுவையும் கற்றுத் திரும்பினார். தம் பாட்டியார் படித்த அரபுத் தமிழைக் கற்க அவருக்குப் பாடவேளை இருக்கவில்லை. அவருடன் அமர்ந்து பயின்ற கேரள மாணவரோ, தம் ஊர் மத்ரஸாப் பாடநூல்களில் அரபு மலையாளத்தைப் படித்துவிட்டே வந்திருந்தார்.

தமிழெழுத்துக்கு மாறியது பிழையென நாம் கருதவில்லை. அது தேவையான மாற்றம். பாக்கியாத்தில் பயின்ற ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் திருக்குர்ஆனை முழுமையாகத் தமிழில் ஆக்கியளித்ததன் பயனை இன்றும் நாம் துய்க்கிறோம். செகோவியாவின் ஈசா பின் ஜாபிர் தம் மக்களுக்குச் செய்ய முனைந்த அதே பணி அது. தமிழெழுத்தால் நாம் தமிழ்ச் சமூகத்தோடு நெருங்கினோம். ஆயினும் புதிய வாயிலைத் திறந்தவர் பழைய அறையின் சாவியைத் தொலைக்கவேண்டியதில்லை.

இன்று நடப்பது என்ன? பழைய வீடு இடிக்கப்படும்போதோ, பாகப்பிரிவினையின்போதோ பரணிலிருந்து ஒரு நூல் வெளிப்படுகிறது. அதில் அரபெழுத்து இருப்பதைக் கண்டு வீட்டார் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர். படித்துப் பார்க்கக் கொடுத்தால், அரபியறிந்த இளம் ஆலிம் இரு வரி ஓதிப் பொருள் காணாமல் மூடிவிடுகிறார். பின்னர், கிழிந்த முஸ்ஹஃபுக்குச் செய்யும் மரியாதையுடன் அந்நூல் மண்ணில் புதைக்கப்படுகிறது, அல்லது நீரில் விடப்படுகிறது. கிரனாடாவில் 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்தினால் ஸிஸ்னெரோஸ் அரபி நூல்களைப் பகையினால் எரித்தார். அப்பொழுதும் மருத்துவ நூல்களைத் தனியே பிரித்தெடுத்து அல்காலாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எதை அழிக்கிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார். நாமோ பக்தியினால் புதைக்கிறோம்; புதைப்பது துஆவா, ஃபிக்ஹா, மருத்துவமா, ஒரு பாட்டியாரின் கடிதமா என்பதையும் அறியாமல் புதைக்கிறோம்.

செய்யத்தக்கவை

இவ்விழப்பைத் தடுக்கப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அரபியெழுத்தையும் தமிழையும் ஒருசேர அறிந்தவர் சில வாரப் பயிற்சியில் அரபுத் தமிழைப் படிக்கத் தேர்ந்துவிடலாம். ஆகவே நம் அரபிக் கல்லூரிகளின் நடுவகுப்பில், வாரம் ஒரு பாடவேளையாக, ஒரே ஒரு பருவம் இதற்கு ஒதுக்கப்பட்டால் போதும். எழுதுவதற்காக அன்று, படிப்பதற்காக.

அடுத்து, ஜமாஅத் அளவில் ஒரு நெறியை ஏற்கலாம். அரபெழுத்தில் அமைந்த பழைய நூல் எதையும், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் புதைக்கவோ நீரில் விடவோ கூடாது என்பதே அந்நெறி. காட்டிய பின், நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, கிடைத்த வீடு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பக்கங்களை நிழற்படம் எடுத்து வைப்பது கைப்பேசி உள்ள எவர்க்கும் இயல்வதே.

மூன்றாவதாக, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி போன்ற நம் நிறுவனங்களில் பட்டமேற்படிப்பு பயில்வோரும் அரபிக் கல்லூரி மாணவரும் கூடி இப்பணியில் ஈடுபடலாம். ஒருவரிடம் தமிழாராய்ச்சி முறை உண்டு. மற்றவரிடம் அரபியறிவு உண்டு. அல்மோனஸித் ஏடுகளைப் போலவே நம் நூல்களும் இரண்டையும் அறிந்தவருக்கே வாய்திறக்கும்.

1605இல் வெளிவந்த ‘தொன் கிஹோத்தே’ என்னும் புகழ்பெற்ற ஸ்பானிய நவீனத்தில், தொலேதோ நகர்ச் சந்தையில் சிறுவன் ஒருவன் விற்க வந்த காகிதக் கட்டில் அரபெழுத்தைக் கண்ட கதைசொல்லி, அதைப் படிக்க ஒரு மொரிஸ்கோவைத் தேடுகிறார். தேடியவுடன் ஒருவர் கிடைக்கிறார். உலர்திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பெற்று முழுவதையும் பெயர்த்துத் தருகிறார். நூலாசிரியர் செர்வாந்தெஸின் கற்பனையே ஆயினும், தடையும் தண்டனையும் சூழ்ந்த அக்காலத்திலும் சந்தையில் படிக்கத் தெரிந்தவர் கிடைப்பார் என்று வாசகர் நம்பியிருக்கின்றனர். நம் ஊர்களில் இன்று தடையில்லை, தண்டனையில்லை. அரபெழுத்தில் அமைந்த ஒரு தமிழ் நூல் சந்தைக்கு வந்தால் அதைப் படித்துச் சொல்ல ஒருவர் கிடைப்பாரா? இவ்வினாவுக்கு விடை கூறவேண்டிய பொறுப்பு, முதலாவதாக, அரபி கற்பிக்கும் நம்மைச் சார்ந்தது. மொழிகளின் வேறுபாட்டைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அமைத்த வல்ல இறைவன், நம் முன்னோர் விட்டுச்சென்ற எழுத்தைப் படித்தறியும் ஆற்றலை நம் மாணவர்க்கு அருள்வானாக!